3 ரூபாய் டிக்கெட் உயர்வு, பற்றியெரிந்த ஒரு நாடு... சிலியை உலுக்கிய நவதாராளவாதக் கதை!

‘சீக்கிரமா எழுந்து கிளம்புங்க, டிக்கெட் விலை கம்மியா இருக்கும்.’ 2019 அக்டோபரில், தென் அமெரிக்க நாடான சிலியின் பொருளாதார அமைச்சர் மக்களுக்குச் சொன்ன அட்வைஸின் சாராம்சம் இதுதான்.

தலைநகர் சான்டியாகோவில் மெட்ரோ ரயிலின் பீக் ஹவர் கட்டணம் 800 பெசோவிலிருந்து 830 பெசோவாக உயர்ந்திருந்தது. 30 பெசோ என்பது அப்போதைய மதிப்பில் நம்மூர் 3 ரூபாய். பள்ளி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, டிக்கெட் கேட்டைத் தாண்டிக் குதித்துப் பயணம் செய்ய ஆரம்பித்தார்கள். இத்தனைக்கும் மாணவர்களுக்கான கட்டணம் ஏறவே இல்லை. ஏறியது அவர்களுடைய அப்பா, அம்மாவுக்குத்தான். இரண்டே வாரத்துக்குள் மெட்ரோ நிலையங்கள் எரிந்தன. ராணுவம் தெருவுக்கு வந்தது. கட்டண உயர்வை அரசு நிறுத்திவைத்தது. அப்பவும் கூட்டம் கலையல. அக்டோபர் 25 அன்று சான்டியாகோவில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள்.

‘இது 30 பெசோ பிரச்னை இல்ல, 30 வருஷப் பிரச்னை’ என்பதுதான் அவர்களுடைய கோஷம். அந்த 30 வருஷத்துக்குள்ளதான் ‘நவதாராளவாதம்’ என்ற வார்த்தைக்கான அர்த்தம் ஒளிந்திருக்கிறது. பேரைப் பார்த்துட்டு யாரோ தாராளமா அள்ளிக் கொடுப்பாங்கன்னு நினைச்சுடாதீங்க. தாராளம் எல்லாம் சந்தைக்குத்தான். கல்வி, மருத்துவம், தண்ணீர், பென்ஷன் என எதுவாக இருந்தாலும் அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. பாடப்புத்தக விளக்கம் இவ்வளவுதான். நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்பதற்குத்தான் சிலி.

கதை 1950-களில் தொடங்குகிறது. சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகமும் 1956-ல் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி சிலி மாணவர்கள் சிகாகோவுக்குப் போய், மில்டன் ஃப்ரீட்மன் போன்றவர்களிடம் பொருளாதாரம் படித்துத் திரும்பினார்கள். ‘சிகாகோ பாய்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயர். ஊருக்கு வந்து யோசனைகளைச் சொன்னால் கேட்க ஆளில்லை. தேர்தலில் ஓட்டு கேட்டு ஜெயிக்கிற சரக்கும் இல்லை அது.

1973 செப்டம்பர் 11-ல் நிலைமை மாறியது. மக்கள் தேர்ந்தெடுத்த இடதுசாரி அதிபர் சால்வடோர் அயெந்தேவின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. ஜெனரல் பினோசே சர்வாதிகாரியானார். நாடாளுமன்றம் இல்லை, தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன, எதிர்த்துப் பேசியவர்கள் காணாமல் போனார்கள். சிகாகோ பாய்ஸுக்குக் கதவு திறந்தது அப்போதுதான். ‘சுதந்திரச் சந்தை’ என்ற கொள்கை முதன்முதலாக முழுசாக அமலானது மக்களுக்குச் சுதந்திரமே இல்லாத நாட்டில். இதைவிட பெரிய முரண் வேற இருக்கா என்ன?

எல்லாத்தையும் விட முக்கியமான மாற்றம் பென்ஷனில் நடந்தது. அதுவரை, இன்று வேலை செய்பவர்களின் பங்களிப்பிலிருந்து இன்றைய முதியவர்களுக்குப் பென்ஷன் போகும். 1981-ல் அமலான புதிய திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. சம்பளத்தில் 10 சதவிகிதம் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு, தனியார் பென்ஷன் நிறுவனங்களிடம் போகும். அவை பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்யும். அதற்கு ஒரு கமிஷனும் தொழிலாளியிடமே வசூலிக்கும். சேமிப்பில் முதலாளி ஒரு பைசா போட வேண்டியதில்லை. நமக்குப் பழக்கமான பாஷையில் சொன்னால், ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஓடுகிற கட்டாய எஸ்.ஐ.பி.

சேமிக்கிறது நல்லதுதானே, இதுல என்ன தப்பு? பேப்பரில் ஒரு தப்பும் இல்லை. சம்பளத்தில் சுமார் 70 சதவிகிதம் பென்ஷனாக வரும் என்ற நம்பிக்கையும் விதைக்கப்பட்டது. ஆனால், இந்தக் கணக்கு யாரை மனசில் வைத்துப் போடப்பட்டது தெரியுமா? 40 வருஷம் இடைவெளியில்லாமல் நல்ல சம்பளத்தில் வேலை பார்க்கிற ஆளை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண், சீசனுக்கு மட்டும் பழம் பறிக்கப் போகிற தொழிலாளி, ஆறு மாசம் வேலை ஆறு மாசம் சும்மா என்று ஓட்டியவர்... இவர்களுடைய கணக்கில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. முதல் தலைமுறை முழுசாக ரிட்டயர் ஆனபோது, பலருக்கு வந்தது குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவான தொகை.

இன்னொரு விஷயம். ‘இதுதான் உலகத்திலேயே சிறந்த திட்டம்’ என்று கொண்டுவந்த ராணுவ அரசு, ராணுவத்தையும் போலீஸையும் மட்டும் அதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பழைய பென்ஷனே தொடர்ந்தது. அவ்வளவு நல்ல திட்டம்னா அவங்க ஏன் சேரலன்னு கேட்கிற தைரியம் அன்று யாருக்கு இருந்திருக்கும்?

நவதாராளவாதத்தை வெறும் ‘தனியார்மயம்’ என்று சுருக்கிவிட முடியாது என நான் நினைப்பது இதனால்தான். யார் கையில் நிர்வாகம் என்பதைத் தாண்டி, ரிஸ்க் யார் தலையில் என்பதுதான் இங்கே கேள்வி. சந்தை விழுந்தால், வேலை போனால், உடம்பு படுத்துவிட்டால்... அது உன் பாடு. அதே சமயம், 1982-ல் சிலியின் பொருளாதாரம் சரிந்து தனியார் வங்கிகள் திவாலானபோது, ‘உன் பாடு’ என்று அரசு விடவில்லை. ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தது.

தண்ணீரிலும் இதே கதை. 1981-ன் தண்ணீர்ச் சட்டம், தண்ணீர் உரிமையை வீட்டு மனைபோல வாங்கலாம், விற்கலாம் என்று ஆக்கியது. பெட்டோர்கா என்ற மாகாணத்தில் ஏற்றுமதிக்கான அவகாடோ தோட்டங்கள் பச்சைப் பசேலென்று நிற்க, பக்கத்து ஊர் மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலி தோற்றுப்போன நாடு கிடையாது. 1990-ல் ஜனநாயகம் திரும்பிய பிறகு வறுமை வேகமாகக் குறைந்தது. 2010-ல் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி-யில் சேர்ந்த முதல் தென் அமெரிக்க நாடு அது. 2019-ல் கலவரம் வெடிப்பதற்குச் சில நாள்களுக்கு முன்புகூட, லத்தீன் அமெரிக்காவில் சிலி ஒரு பாலைவனச் சோலை என்கிற ரீதியில் பெருமையாகப் பேசினார் அதிபர் செபாஸ்டியன் பின்யேரா. (அந்தப் பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவந்த அன்றைய தொழிலாளர் அமைச்சர் ஹோசே பின்யேரா, இவருடைய சொந்த அண்ணன்!) சோலைதான். ஆனா காலேஜ் ஃபீஸுக்குக் கடன், துணிக்கடை கார்டில் தவணை, மளிகைக்கும் தவணை என்று ஓட்டுகிறவருக்கு 30 பெசோ என்பது கடைசிச் சொட்டு.

நமக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கும், மத்திய அரசில் 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும் பழைய பென்ஷன் போய், பங்களிப்புத் திட்டம் வந்தது. சிலியின் அச்சு அசல் நகல் இல்லை இது, இங்கே அரசும் பங்கு போடுகிறது. ஆனால் இங்கேயும் ராணுவத்துக்கு விலக்கு உண்டு. அரசு ஊழியர்களின் பென்ஷன் போராட்டத்தை ‘டிராஃபிக் ஜாம்’ என்று மட்டும் பார்த்துக் கடந்தவர்கள், ரிஸ்க் யார் தலையில் என்ற அதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். டெலிவரி ஆப்பில் ஓடும் நண்பருக்கு பைக், பெட்ரோல் எல்லாமே அவர் கணக்குதான் என்பதும் அதே கேள்விக்குள் வரும்.

சரி, அந்த 10 லட்சம் பேர் கூடியது என்ன ஆச்சு? 2020 அக்டோபரில், பினோசே காலத்து அரசியல் சாசனத்தை மாற்ற 78 சதவிகிதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். கொண்டாட்டம்! 2022-ல் புதிய சாசனம் தயாராகி வந்தபோது, 62 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றார்கள். காரணங்கள் பல. அதில் ஒன்று பென்ஷன். ‘என் பணத்தைத் தொடாதே’ என்றொரு பிரசாரம் அங்கே பெரிதாக ஓடியது. பென்ஷன் நிறுவனங்களைத் திட்டித் தீர்த்த மக்களே, அந்தக் கணக்கில் இருப்பது பொதுப் பணம் இல்ல, என் பணம் என்றார்கள். கொரோனா காலத்தில் அந்தக் கணக்கிலிருந்து 10 சதவிகிதம் எடுக்க மூன்று முறை அனுமதி கொடுத்தபோது, பல லட்சம் பேர் மொத்தத்தையும் வழித்து எடுத்திருந்தார்கள் என்பது தனிக்கதை. 40 வருஷம் ‘உன் பாடு’ என்றே கேட்டு வளர்ந்தவர்கள், ‘நம்ம பாடு’ என்று யாராவது சொன்னால் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

2025-ல் ஒருவழியாகப் பென்ஷன் சட்டம் திருத்தப்பட்டது. இனி முதலாளிகளும் படிப்படியாகப் பங்களிக்க வேண்டும். அதில் பாதிக்கும் மேல் போவது தனிக் கணக்குக்குத்தான். அதை நிர்வகிக்கப்போவதும் அதே தனியார் நிறுவனங்கள்தான்.