மந்தோனில் மாரிகாலம்

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலிய எல்லையை அடுத்துள்ள மந்தோன் நகருக்கு நான் சென்றது ஜனவரி மாதத்தில். “இந்தக் காலத்தில் அங்கே என்ன இருக்கிறது?” என்று நண்பர்கள் நகைத்தனர். விடுதிகள் பலவற்றின் சாளரங்கள் அடைபட்டிருந்தன. மத்தியதரைக் கடலிலே குளிப்பாரில்லை. தோட்டங்களில் மட்டும் எலுமிச்சை மஞ்சளாய்ப் பழுத்துத் தொங்கிற்று.

விந்தை யாதெனில், 1920கள் வரை மாரியே இக்கரையின் பருவம். கோடையிலேதான் விடுதிகளை அடைத்தனர். 1859இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஹென்றி பென்னெற், சயரோகத்தால் இறப்பதற்கென்றே இங்கு வந்தார். வந்தவர் பிழைத்தார், இவ்வூர்க் குளிர்கால வெயிலைப் புகழ்ந்து நூலும் எழுதினார். அதன்பின் ஐரோப்பாவின் நோயாளர் திரண்டு வந்தனர். செல்வர்கள்தாம்; வறியவர்க்கு வெயிலைத் தேடிப் பயணஞ்செய்ய ஏது வழி?

பழைய கோட்டை நின்ற குன்றின்மேல் இன்று மயானம் இருக்கிறது. ஆங்கிலம், ருசியம், ஜெர்மன் எனப் பல மொழிகளிற் பெயர்கள். ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தேன். பலர் முப்பதைத் தாண்டாதவர். ஓவியர் ஓப்ரி பியர்ட்ஸ்லி 1898இல் இந்நகரில் இறந்தபோது அவருக்கு வயது 25. அந்நோய்க்கு மருந்து பிறந்ததோ 1940களில்.

அன்று வெயில் இதமாகவே இருந்தது. மேலங்கியைக் கழற்றிக் கையிற் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன்.