ஒரு கண் போனால் எத்தனை சதவீதம்?



"ஊனச் சான்றிதழ் கையில இருக்கு, ஆனா இன்சூரன்ஸ் கிடையாதுன்னுட்டாங்களே, ஏன்?" குழுக் கூட்டங்களில் நம்மிடம் இப்படிக் கேட்கிறார்கள். காரணம் இதுதான்: ஒவ்வொரு திட்டமும் ஊனத்தை வேறு வேறு படியால் அளக்கிறது. ஒரு கண் பார்வை முழுசாகப் போய், மறு கண் நன்றாக இருக்கும் ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம்.

முதலில் அரசு அட்டை. 1995 சட்டத்தில் 7 வகை ஊனம்தான் இருந்தது. 2016 சட்டம் அதை 21 வகை ஆக்கியது. ஆனாலும் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரு கண்ணுக்கு 30 சதவீதம்தான் போடுவார்கள். வெள்ளை அட்டை வரும். 40-க்கு மேல் மஞ்சள், 80-க்கு மேல் நீலம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான மத்திய அரசு ஊன பென்ஷனுக்கு 80 சதவீதம் கேட்கிறார்கள். மறு கண்ணும் மங்கலாக இருந்தால் சதவீதம் ஏறும். அதனால் டாக்டரிடம் இரண்டு கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்க.

அடுத்தது, பேங்கில் வருஷத்துக்கு ரூ.20 பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. இது சதவீதமே பார்க்காது. விபத்தா? கண்ணோ, கையோ, காலோ முழுசாகப் போய்விட்டதா? இவ்வளவுதான் கேள்வி. விபத்தில் ஒரு கண் போனால் ரூ.1 லட்சம், இரண்டும் போனால் ரூ.2 லட்சம். அதே கண் சர்க்கரை நோயில் போனால் ஒரு பைசா கிடையாது. போலியோ வந்த காலுக்கும் அப்படித்தான், மஞ்சள் அட்டையே இருந்தாலும். இது நமக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அது.

மூன்றாவது, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு. வேலையில் அடிபட்டால், சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். 1923 சட்டத்திலிருந்து வரும் அட்டவணை ஒன்று இருக்கிறது: கண்ணே போனால் 40, விழி இருந்து பார்வை மட்டும் போனால் 30. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20. அந்த இரண்டு விரலுக்கு ரூ.20 இன்சூரன்ஸில் எதுவும் வராது. ஆனால் ஈ.எஸ்.ஐ. இருந்தால் இந்தக் கணக்குப்படி மாதாமாதம் பணம் வரும்.

ஆகவே ஓரிடத்தில் இல்லை என்றால் மற்ற இரண்டையும் கேட்காமல் விடாதீங்க. விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர். நகலை முதல் நாளே பத்திரப்படுத்துங்க. 30 நாளுக்குள் பேங்கில் மனு கொடுக்கணும். கணக்கில் ரூ.20 இல்லாமல் போனால் இன்சூரன்ஸும் நின்றுவிடும். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புக் கொண்டு வாங்க, அந்த வரி இருக்கான்னு சேர்ந்து பார்ப்போம்.