முகம் தெரியாத சிநேகிதர்கள் பழவேற்காட்டில் கூடுகிறார்கள்! கையில் வலை இல்லை, தூண்டில் இல்லை. பறவைக் கணக்குதான் வேலை!

பொழுது இன்னும் விடியவில்லை.

கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரெயிலில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் தூங்கி வழிகிறார்கள். கூடையோடு வியாபாரிகள் ஏறுகிறார்கள்.

அவர்களுக்கு நடுவே நாலைந்து பேர். கழுத்தில் பைனாகுலர். தலையில் தொப்பி. முதுகில் மூட்டை. ஒருவரை ஒருவர் உற்றுப் பார்க்கிறார்கள்.

"சார், நீங்கதானே குரூப்புல 'ஆந்தை'?"

"அட, ஆமா! நீங்க 'மீன்கொத்தி' மேடமா?"

இப்படித்தான் அறிமுகம் நடக்கிறது. இரண்டு வருஷமாக ராத்திரி பகலாக செல்போனில் பேசிக் கொண்டவர்கள். சண்டை போட்டவர்கள். சமாதானம் ஆனவர்கள். ஆனால் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை!

யார் இவர்கள்? பறவை எண்ணுகிறவர்கள்!

சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

பாதி ராத்திரியில் பஞ்சாயத்து

இந்தக் கூட்டத்தில் எல்லாரும் உண்டு. பேங்க் குமாஸ்தா உண்டு. மருந்துக் கடைக்காரர் உண்டு. கம்ப்யூட்டர் என்ஜினீயர், ரிட்டயரான வாத்தியார், காலேஜ் மாணவி என்று எல்லாரும் கலந்து இருப்பார்கள். ஒருவருக்கு மற்றவரின் சம்பளம் தெரியாது. வீட்டு முகவரி தெரியாது. ஆனால் அவர் இதுவரை எத்தனை வகைப் பறவை பார்த்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும்!

ஒரு பறவையை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தால் அதற்கு 'லைபர்' என்று பெயர். அன்றைக்கு குரூப்பில் ஒரே கொண்டாட்டம்தான்.

சண்டையும் வரும். தூரத்தில் மங்கலாக எடுத்த ஒரு போட்டோவைப் போட்டு, "இது என்ன உள்ளான்?" என்று ஒருவர் கேட்பார். உள்ளானில் பல வகை. எல்லாம் மண் நிறம். எல்லாம் சேற்றில் ஓடும். "கால் மஞ்சளா, கருப்பா?" என்று ஒருவர். "மூக்கு வளைஞ்சிருக்கா?" என்று இன்னொருவர். ராத்திரி 12 மணி வரை பஞ்சாயத்து நடக்கும்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? "ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா நேரம் இல்ல. காக்கா எண்ண மட்டும் நாலு மணிக்கு எழுந்திருக்கத் தெரியுது!" என்பார்கள்.

உண்மையில் காக்காவையும் எண்ணத்தான் வேண்டும். அதுதான் சட்டம்!

எண்ணுவது எப்படி?

2002-ம் ஆண்டு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆராய்ச்சிக் கூடமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 'ஈபேர்டு' என்ற கணக்குப் புத்தகத்தைத் தொடங்கின. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் பறவைக் கணக்கு எழுதலாம். செல்போனிலேயே எழுதலாம். காசு கிடையாது.

எத்தனை மணிக்கு நின்றீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று குறிக்க வேண்டும். அடையாளம் தெரிந்த பறவை அத்தனையையும் எழுத வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டு காக்கா, மைனாவை விடக் கூடாது. இன்றைக்குச் சாதாரணமாக இருப்பது நாளைக்கு இல்லாமல் போகலாம் அல்லவா?

சரி, ஆயிரக்கணக்கில் கூட்டமாக நின்றால்? அதற்கும் வழி இருக்கிறது. முதலில் 10 பறவையை ஒன்று ஒன்றாக எண்ணிக் கொள்ள வேண்டும். அந்தப் 10 பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளக்க வேண்டும். அதுபோல பத்து பங்கு சேர்ந்தால் 100. அந்த 100-ஐ வைத்துக் கொண்டு முழுக் கூட்டத்தையும் அளந்து விடலாம். களத்து மேட்டில் நெல் அம்பாரத்தைப் பார்த்து "இத்தனை மூட்டை தேறும்" என்று சொல்வார்களே, அந்த மாதிரி!

புளுகவும் முடியாது. வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையைப் போட்டால் கணக்கு நிறுத்தி வைக்கப்படும். அந்தப் பகுதிப் பறவைகளை நன்றாகத் தெரிந்த ஒருவர் ஆதாரம் கேட்பார். போட்டோ காட்ட வேண்டும். விவரம் சொல்ல வேண்டும்.

2015-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி 4 நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊர்க் குளம், வயல், வீட்டு மொட்டை மாடி, எங்கே நின்றும் எண்ணலாம். 15 நிமிஷம் எண்ணினாலே போதும்.

ஏன் பழவேற்காடு?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரியில் ரெயிலை விட்டு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

இந்தியாவில் பெரிய உப்பங்கழி ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரி. அதற்கு அடுத்தது பழவேற்காடு ஏரிதான். இதில் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே தடுப்புப் போல ஸ்ரீஹரிகோட்டா தீவு.

குளிர் காலத்தில் இங்கே பூநாரைகள் வரும். நீண்ட கால், வளைந்த கழுத்து, ரோஜா நிற இறக்கை. கூட்டமாக நின்றால் தண்ணீரில் பூப்பூத்தது போல இருக்கும்!

'வெளிநாட்டுப் பறவை' என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பூநாரை குஜராத்தில் கட்ச் உப்பு வெளியிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சு சாம்பல் நிறமாக இருக்கும். தின்னும் தீனியில் உள்ள நிறச் சத்து உடம்பில் சேரச் சேரத்தான் ரோஜா நிறம் வரும். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சல்லடை போல வடிகட்டித் தின்னும்.

நிஜமான வெளிநாட்டு விருந்தாளிகளும் உண்டு. நீண்ட மூக்கு உள்ள 'கருவால் மூக்கன்' வரும். அதன் பங்காளி 'பட்டைவால் மூக்கன்' செய்த சாதனையைக் கேளுங்கள். 2022-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு பறவை அலாஸ்காவில் இருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு 13 ஆயிரத்து 560 கிலோ மீட்டர் பறந்தது. 11 நாள் எங்கும் இறங்கவில்லை! அதற்கு வயது 5 மாதம்தான். முதுகில் கட்டிய சின்னஞ்சிறு கருவி மூலம் இது தெரிய வந்தது.

"எங்களை எண்ணுவது யார்?"

கரைக்கு வந்து பைனாகுலரை எடுத்ததும் குப்பத்துப் பிள்ளைகள் சூழ்ந்து கொள்வார்கள். "அண்ணே, எனக்கு ஒரு தடவ குடுண்ணே!"

வலை பின்னிக் கொண்டிருக்கும் பெரியவர் யாராவது நிமிர்ந்து பார்ப்பார். அவருக்கு ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம்.

"பறவைய எண்ணி எழுதிட்டுப் போறீங்க சார். நாளைக்கு 'பறவை இருக்கு, வலை போடாதே'ன்னு சொல்லிட்டா நாங்க எங்க போறது?"

இந்த ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-ம் ஆண்டிலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-ம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே இங்கே மீன் பிடிக்கிறார்கள். இறால், நண்டு, மடவை மீன் இவைதான் சோறு. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறியை வாயில் கவ்விக் கொண்டு, கையால் தடவியே இறால் பிடிக்கும் பெண்களும் உண்டு.

கணக்குப் பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1613-ம் ஆண்டு டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். துணி வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன.

மீனவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் 'பாடு'. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு என்றால் நாளைக்கு எனக்கு. ஒருவரே அனுபவிக்க முடியாது.

அப்படிப்பட்ட ஊரில் வெளியூர்க்காரர் வந்து பறவையை மட்டும் எண்ணினால், "எங்களை எண்ணுவது யார்?" என்று கேட்கத்தானே செய்வார்கள்?

இருவருக்கும் ஒரே வாசல்

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பறவைக்கும் மீனவருக்கும் பகை இல்லை. இருவருக்கும் வாசல் ஒன்று. அதுதான் முகத்துவாரம்!

ஏரி கடலோடு சேரும் இடம் அது. கடல் நீரோட்டம் மணலைக் கொண்டு வந்து வாசலை அடைத்து விடும். அடைத்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது. இறால் குஞ்சு உள்ளே வராது. மீனவர்களின் படகும் கடலுக்குப் போக முடியாது. மீனவர்களே ஆள் சேர்த்து மணலை வெட்டி வழி விட்ட காலமும் உண்டு.

பூநாரைக்கும் இதே கதைதான். தண்ணீர் ஆழமாகி விட்டால் அது நின்று மேய முடியாது. அடியோடு வற்றி விட்டாலும் தீனி இல்லை. முழங்கால் தண்ணீர்தான் அதற்குச் சோற்றுத் தட்டு.

ஆகவே, ஓர் இடத்தில் பூநாரை எத்தனை நின்றது என்ற கணக்கு பறவைக் கணக்கு மட்டும் அல்ல. ஏரியின் நாடித் துடிப்பும் அதுதான்!

இந்தக் கணக்குகள் வீண் போவதில்லை. 2023-ம் ஆண்டு 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்தது. சுமார் 30 ஆயிரம் பேர் எழுதிய 3 கோடி பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தார்கள். அதில் 178 வகைகளுக்கு உடனே கவனம் தேவை என்று சொன்னார்கள். அந்த 30 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. நம்மைப் போல ஆபீசுக்கும் கடைக்கும் போகிறவர்கள்!

நாளைக்கு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திட்டம் வருகிறது என்று வையுங்கள். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இந்தப் பகுதி மீனவர்கள் குரல் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் "இங்கே என்ன இருந்தது?" என்ற கேள்வி வரும். தேதி போட்ட கணக்கு இருந்தால் பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் வாய்ப்பேச்சுதான்.

ஒரு வரி சேருங்கள்!

ஈபேர்டில் பறவை எண்ணிக்கையோடு குறிப்பு எழுதவும் இடம் உண்டு. பலர் அதைக் காலியாக விட்டு விடுகிறார்கள்.

அந்த இடத்தில் கரையில் நிற்கும் பெரியவரிடம் கேட்டு ஒரு வரி எழுதலாமே! "முகத்துவாரம் பாதி அடைத்திருக்கிறது. தண்ணீர் முழங்கால் அளவு. இறால் வரத்து குறைவு." இவ்வளவுதான். அரை நிமிஷ வேலை.

அப்படி எழுதினால் பூநாரையோடு சேர்ந்து மீனவரின் சொல்லும் தேதியோடு பதிவாகும். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறவனுக்கு ஏரியும் தெரியும், ஏரியை நம்பிப் பிழைத்தவரும் தெரிவார்.

போகிறவர்களுக்கு

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல நேரம். பழவேற்காடு கரை, அண்ணாமலைச்சேரி ஆகிய இடங்களில் நின்று பார்க்கலாம். சூலூர்பேட்டையில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோடு ஏரியை ஊடுருவிப் போகிறது. அந்த ரோட்டின் ஓரத்தில் நின்றும் பார்க்கலாம்.

"படகில் கிட்டே போய் போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்காதீர்கள். 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். அதன் பிறகு சுற்றுலா படகு சவாரிக்குத் தடை போடப்பட்டது. பறவைக்கும் அது நல்லதுதான். மேய்ந்து கொண்டிருப்பதை விரட்டிப் பறக்க விட்டால், தின்ற தீனி பறப்பதிலேயே தீர்ந்து விடும்.

சாயங்கால ரெயிலில் கூட்டம் திரும்புகிறது. காலையில் 'ஆந்தை', 'மீன்கொத்தி' என்று அறிமுகம் ஆனவர்கள் இப்போது ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்கிறார்கள்.

"அந்த வலை பின்னின பெரியவர் சொன்னத எழுதிட்டீங்களா சார்?" என்கிறாள் மாணவி.

"மறந்துட்டேனே!" என்று செல்போனை எடுக்கிறார் குமாஸ்தா.

ரெயில் சென்னையை நோக்கி ஓடுகிறது. கணக்கில் ஒரு வரி கூடுகிறது!