கசப்பு இனிப்பது எங்ஙனம்?

பீர் என்னும் பானத்தை முதன்முதலாக வாயில் வைத்தவர் அதனை மெச்சியதாகக் கேள்விப்படுவது அரிது. முகம் சுளிக்கிறது, நாக்கின் அடியில் கசப்பு நெடுநேரம் தங்குகிறது, மூக்கில் வாயு ஏறுகிறது. "இதையா விலை கொடுத்து வாங்கிக் குடிக்கின்றனர்?" என்று வியந்தவரே சில மாதங்கள் சென்றபின் அதே பானத்தின் கசப்பைப் புகழ்ந்து பேசுவதையும், இன்ன ஊர்ப் பீர் இன்னதைவிட மேலானது என வாதிடுவதையும் காண்கிறோம். பானம் மாறவில்லை. அவ்வாறாயின் மாறியது எது? நாக்கா, மூளையா, அல்லது இவ்விரண்டுமன்றி வேறொன்றா?

குடிப்பவர்க்கு மட்டுமே உரிய வினா இதுவன்று. கீரையை உமிழும் குழந்தையின் தாயோடு பேசும் பணியாளருக்கும், வகுப்பில் ஐம்புலன்களைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் இதன் விடை பயன்படும். பீரை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பிறவியில் மனிதன் வெறுக்கும் சுவைகள் பல ஒரே கிண்ணத்தில் கூடியிருப்பதற்கு அதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது என்பதே. குடிப்பழக்கத்தைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று.

முதலில் அக்கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். பார்லியை நனைத்து முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்தால் தானியத்திலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறித் தித்திப்பான சாறு கிடைக்கிறது. இதனை அப்படியே ஈஸ்ட்டைக் கொண்டு நொதிக்கச் செய்தால் உண்டாகும் பானம் சற்றுத் திகட்டலாகவும் விரைவில் புளித்துப்போவதாகவும் இருக்கும். ஆகவே சாற்றைக் கொதிக்கவைக்கும்போது ஹாப்ஸ் என்னும் கொடியின் பெண்பூங்கொத்துகளைச் சேர்க்கின்றனர். இப்பூவின் இதழ்களினடியில் மஞ்சள் நிறத் தூள்போன்ற சுரப்பிகள் உண்டு. அவற்றிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீரில் எளிதில் கரையா. ஆனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதித்தால் அவற்றின் மூலக்கூறு தன் அணுக்களின் எண்ணிக்கையை மாற்றாமல் அமைப்பை மட்டும் மாற்றிக்கொண்டு, நீரில் கரையக்கூடிய, மிகுந்த கசப்புடைய ஐசோ-ஆல்ஃபா அமிலமாகிறது. ஒரு லிட்டர் பானத்தில் இவ்வமிலம் சில மில்லிகிராம் இருந்தாலே நாக்கு அதை அறிந்துவிடும். சாதாரணமான இளமஞ்சள் பீரில் லிட்டருக்குச் சுமார் 10 முதல் 20 மில்லிகிராமும், கசப்பு மிகுந்த வகைகளில் 40 முதல் 70 மில்லிகிராமும் இருப்பதுண்டு.

கசப்புக்காகவே ஹாப்ஸ் சேர்க்கப்பட்டது என்று கொள்வது முழு உண்மையாகாது. அவ்வமிலங்கள் பானத்தைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுப்பவை. ஹாப்ஸ் சேர்த்த பானம் நீண்ட நாள் கெடாமலிருக்கும் என்பதை 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் ஹில்டகார்ட் என்னும் துறவியம்மையார் எழுதிவைத்துள்ளார். பவேரியா நாட்டில் 1516-ஆம் ஆண்டில் பிறந்த ஆணையொன்று பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கலாகாது என விதித்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறிய பீரிலும் ஹாப்ஸ் மிகுதியாக இருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் மாதக்கணக்கான பயணத்தை அது தாங்கவேண்டியிருந்தது. கெடாமலிருக்கச் சேர்த்த பொருளின் கசப்பைத்தான் மக்கள் பின்னர் பானத்தின் இலட்சணமாகவே கருதலாயினர். (நம் நாட்டிலும் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் பயிரிடப்பட்டதுண்டு.)

நாக்கு கசப்பை வெறுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. தாவரங்கள் தம்மைத் தின்னும் பிராணிகளிடமிருந்து காத்துக்கொள்ள உண்டாக்கும் நச்சுப்பொருள்களில் மிகப் பல கசப்பானவை. எனவே கசப்பை உடனே கண்டு உமிழும் பிராணிக்கு உயிர்பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இனிப்பை அறிவதற்கு முக்கியமாக ஒரே வகை ஏற்பி நம் நாவில் இருக்க, கசப்பை அறிவதற்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன என்பது 2000-ஆம் ஆண்டிற்குப் பின் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. ஹாப்ஸின் கசப்பை உணர்பவை அவற்றுள் மூன்று. பிறந்து சில மணி நேரமே ஆன, இன்னும் பாலருந்தாத சிசுவின் நாவில் இனிப்பு நீரைத் தடவினால் அதன் முகம் மலர்வதையும், கசப்பு நீரைத் தடவினால் வாயைப் பிளந்து வெளியே தள்ள முயல்வதையும் 1970-களில் ஸ்டைனர் என்னும் ஆராய்ச்சியாளர் படமெடுத்துக் காட்டினார். இவ்வெறுப்பு யாரும் கற்பித்து வந்ததன்று.

கசப்பு எல்லோருக்கும் ஒரே அளவினதாகத் தோன்றுவதுமில்லை. 1931-இல் அமெரிக்க இரசாயன அறிஞர் ஃபாக்ஸ் தம் ஆய்வுக்கூடத்தில் பி.டி.சி. என்னும் பொருளைப் புட்டியில் நிரப்பும்போது அதன் தூள் காற்றில் பறந்தது. அருகிலிருந்த நண்பர் கசக்கிறதென்று முறையிட்டார். ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணமான ஜீன் 2003-இல் கண்டறியப்பட்டது. பள்ளிகளில் இதனைப் பாரம்பரியப் பாடத்திற்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். ஆயினும் எளிய மெண்டல் விதிக்கு இது முற்றிலும் அடங்குவதில்லை. ஆகவே மாணவனின் சுவையுணர்வைப் பெற்றோரின் உணர்வோடு ஒப்பிட்டு எவ்வித முடிவுக்கும் வருதல் கூடாது.

கசப்போடு பீரில் வேறிரண்டு தொல்லைகளும் உள்ளன. மதுசாரம் வாயில் எரிச்சலை உண்டாக்குகிறது. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியை அது தூண்டுவதே இதற்குக் காரணம். கரியமிலவாயுவின் "சுரீர்" என்ற உணர்ச்சி குமிழிகள் உடைவதால் மட்டும் ஏற்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நாவிலுள்ள ஒரு நொதி அவ்வாயுவை அமிலமாக மாற்ற, புளிப்பை உணரும் செல்கள் அதனால் தூண்டப்படுகின்றன. வலியை உணரும் நரம்புகளும் விழித்துக்கொள்கின்றன. மலையேறுவோர் உயரத்தால் வரும் நோயைத் தவிர்க்க உட்கொள்ளும் அசெட்டசோலமைடு என்னும் மருந்து இந்நொதியைத் தடுப்பதாகும். அதை உண்டவர்கள் சிகரத்திலிருந்து இறங்கிவந்து பீரோ சோடாவோ அருந்தினால் பாத்திரம் கழுவிய நீர்போல் இருக்கிறதென்று குறைகூறுவது இதனாலேயே.

கசப்பு, எரிச்சல், வலி ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றை மனிதன் விரும்புவது எவ்வாறு? "நாக்கு மரத்துப்போகிறது" என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. இது பொருந்தாது. சுவை செல்கள் சுமார் 10 நாள்களுக்கு ஒருமுறை புதியனவாக மாறிக்கொண்டே இருக்கின்றன. மேலும் பழகியவர் கசப்பை உணராமலில்லை, உணர்ந்தே விரும்புகிறார். செய்தி நாவிலிருந்து முன்போலவே செல்கிறது. அச்செய்திக்கு மூளை அளிக்கும் மதிப்புத்தான் மாறுகிறது.

இம்மாற்றம் பல வழிகளில் நேர்கிறது. அவற்றுள் எளியது பழக்கம். புதிய உணவெதையும் ஐயத்தோடு பார்ப்பது எல்லாம் தின்னும் பிராணிகளின் இயல்பு. உண்டபின் தீங்கு நேராவிடில் ஐயம் சிறிது குறைகிறது. அடுத்த முறை இன்னும் சிறிது. 1982-இல் பிளைனர் என்பவர் முன்பின் அறியாத பழச்சாறுகளை மக்களுக்கு 5, 10, 20 முறை எனப் பல அளவில் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். அதிக முறை சுவைத்த சாற்றையே அவர்கள் அதிகம் விரும்பினர். அதே ஆண்டில் பர்ச், மார்லின் என்னும் இருவர் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடத்திய சோதனையிலும் இவ்வாறே கண்டனர். உணவைக் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, நாவில் படவேண்டும் என்பது பின்னர் நடந்த சோதனைகளில் தெரிந்தது.

இரண்டாவது வழி, சுவையோடு அதன் விளைவை மூளை முடிபோடுவது. காப்பியே இதற்கு நம் வீட்டு உதாரணம். டிகாக்ஷனின் கசப்பை எக்குழந்தையும் விரும்பாது. ஆனால் அதைத் தொடர்ந்து காஃபீன் தரும் விழிப்பு வருகிறது, பாலும் சர்க்கரையும் கூட வருகின்றன. நாளடைவில் மணமே மகிழ்ச்சி தருகிறது. பிரிட்டனில் 4 லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவொன்று வியப்பானது: காஃபீனின் கசப்பை அதிகமாக உணரும் பிறவி அமைப்புடையோரே அதிகம் காப்பி குடிக்கின்றனர். கசப்பே நற்செய்தியின் அடையாளமாகிவிட்டது போலும்.

மூன்றாவது, கூட்டம். மெக்சிகோ நாட்டில் மிளகாயை ஆராய்ந்த ரோஸின், ஷில்லர் ஆகியோர் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில், மூத்தோர் உண்பதைக் கண்டு குழந்தைகள் ஆறேழு வயதுக்குள் தாமாகவே காரத்தை விரும்பத் தொடங்குவதைக் குறித்துள்ளனர். அதே ஊரில் அதே காரமான மிச்சங்களை நாள்தோறும் தின்ற நாய்களும் பன்றிகளும், காரமுள்ளதும் அல்லாததுமான உணவை எதிரெதிரே வைத்தபோது, காரத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. பழக்கம் மட்டுமே காரணமெனின் அவையும் விரும்பியிருக்க வேண்டும். ஆபத்தில்லாத வலியைத் தெரிந்தே ஏற்று மகிழ்வது மனிதனுக்கே உரியது என்று ரோஸின் கருதினார்.

பீரில் இம்மூன்றும் ஒருங்கே செயல்படுகின்றன. நண்பர் சூழ்ந்திருக்க, பலமுறை, மயக்கந்தரும் பொருளோடு சேர்த்து அது சுவைக்கப்படுகிறது. இங்கேதான் காப்பிக்கும் பீருக்கும் உள்ள வேற்றுமையை நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக் கழகத்தார் 2013-இல் வெளியிட்ட சோதனையில், 49 ஆண்களுக்கு 15 நிமிடங்களில் 15 மில்லிலிட்டர் பீர் மட்டும் துளித்துளியாக நாவில் தெளிக்கப்பட்டது. அது மதுசாரம் தலைக்கேறப் போதிய அளவன்று. எனினும் சுவை பட்ட அளவிலேயே மூளையின் இன்ப உணர்ச்சிப் பகுதியில் டோபமின் என்னும் பொருள் சுரந்தது. குடும்பத்தில் குடிநோயாளர் இருந்தோரிடம் அது மிகுதியாகச் சுரந்தது. சுவையைக் கற்பதென்பது அப்பானத்தின் விளைவை எதிர்நோக்கக் கற்பதும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மதுபானங்கள் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1988-லேயே வகைப்படுத்தியது. உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என 2023-இல் அந்த ஸ்தாபனம் அறிவித்தது. விழாக்காலங்களில் "ஒரு வாய் ருசி பார்க்கட்டும், கசந்தால் தானே விட்டுவிடுவான்" என்று சிறுவனுக்குக் கொடுக்கும் பெரியோர் உண்டு. முதல் வாய் கசந்தது என்பது பத்தாவது வாயைப்பற்றி ஒன்றும் கூறுவதில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

இதே விதி கீரைக்கும் பொருந்துகிறது. குழந்தை முருங்கைக்கீரையை இரண்டு மூன்று முறை உமிழ்ந்ததும் "இவனுக்கு ஆகாது" என்று தாய் முடிவுசெய்கிறார். எட்டு பத்து முறையேனும், ஒவ்வொரு முறையும் சிறிதளவே, வற்புறுத்தாமல், வீட்டார் உண்ணும்போதே கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று கூறும் பணியாளர் ஆராய்ச்சிக்கு ஒத்ததையே கூறுகிறார். பாகற்காயை உப்பிட்டுப் பிசறும் நம் பெண்டிரின் கைமுறையும் சரியானதே. உப்பு கசப்பை அடக்கிப் பிற சுவைகளை மேலெழச் செய்கிறது என்பது 1997-இல் சோதனை மூலம் காட்டப்பட்டது.

எச்சரிக்கை ஒன்று. விருப்பம் மெல்ல வளரும். வெறுப்போ ஒரே நாளில் வந்துவிடும். இனிப்பு நீரைக் குடித்த எலிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபோது, அவை பின்னர் அந்நீரை ஒதுக்கியதை 1955-இல் கார்சியாவும் அவருடன் உழைத்தோரும் கண்டனர். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் புதுவகை ஐஸ்கிரீம் உண்ட குழந்தைகளும் பின்னர் அதனை வெறுத்தனர். ஆகவே குமட்டல் உண்டாக்கக்கூடிய மருந்தைக் குழந்தையின் நாள்வழி உணவில் மறைத்துக் கொடுப்பது தவறு. மருந்தோடு அவ்வுணவும் வெறுக்கப்படும். இரும்புச்சத்து மருந்தைப் பாலில் கலப்பது இரட்டைத் தவறு. பால் இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனை. நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடியில் கசப்பு என்று நாக்கைப் பங்கிட்டுக் காட்டும் படம் நம் பாடநூல்கள் பலவற்றில் நெடுங்காலம் இடம்பெற்றது. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்ட மிகச்சிறு வேறுபாடுகளை, 1942-இல் வெளியான ஆங்கில நூலொன்றின் வரைபடத்தைப் பார்த்தவர்கள் பெரிதாகப் புரிந்துகொண்டதால் விளைந்த பிழை அது. சர்க்கரை நீர், உப்பு நீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரையிடாத காப்பி டிகாக்ஷன் ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் எடுத்து, பஞ்சு சுற்றிய சுத்தமான குச்சியால் மாணவர் ஒவ்வொருவரும் தம் நாவின் நுனி, ஓரம், அடி ஆகிய இடங்களில் தொட்டுப்பார்க்கட்டும். ஒரு குச்சியை ஒருவர் ஒருமுறையே பயன்படுத்தவேண்டும். ஒவ்வொரு சுவைக்கும் இடையே வாய் கொப்பளிக்கவேண்டும். உணர்ந்ததை உடனே எழுதிக்கொள்ளட்டும். அடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் சேர்த்த வெல்லத் துண்டு ஒன்றை மென்று, பாதியில் மூக்கை விடச்சொல்லுங்கள். விட்டவுடன் ஏலக்காய் வந்துசேரும். அதுவரை வெறும் இனிப்புத்தான். டிகாக்ஷனின் கசப்பை நாவின் நுனியிலும் உணர்ந்ததாக மாணவர் பலர் எழுதியிருப்பர். பழைய பாடநூல் படத்தை அப்போது திறந்து காட்டலாம்.