கட்டணம் வரும் முன்னே, உதவித்தொகை வரும் பின்னே

கல்லூரிப் படிப்புக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆண்டுக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். கையில் சேமிப்பு இல்லாத குடும்பத்துக்கோ, அந்தத் தொகை எந்த மாதத்தில் கேட்கப்படுகிறது, அதை ஈடுகட்ட வேண்டிய உதவித்தொகை எந்த மாதத்தில் வந்துசேர்கிறது என்பதே பிள்ளையின் படிப்பு தொடங்குமா தொடங்காதா என்பதை முடிவு செய்கிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் இந்த உண்மை மிகத் தெளிவாகத் தெரிகிறது. சட்டப்படியும் அரசாணைப்படியும் இம்மலை மாணவர்க்கு உரிய உதவிகள் குறைவல்ல. அவை வந்துசேரும் காலமும் வழியுமே பெருந்தடையாக நிற்கின்றன.

இம்மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரள மக்களோடு தொடர்பில்லாத இவர்கள் தமிழ் பேசுவோர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோராக, தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் முதலிடத்தில் உள்ளவர்கள். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மட்டும் உரியதாக எழுதப்பட்டிருப்பதால், பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலையின் மலையாளிகளுக்குக் கிடைக்காத சான்று, வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஜவ்வாது மலையினருக்குக் கிடைக்கிறது. ஒரே மக்களை மாவட்ட எல்லை இவ்வாறு பிரித்து வைத்திருப்பது வருந்தத்தக்கது. மாநில அரசின் கல்வி நிறுவனங்களில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும், மத்திய அரசின் நிறுவனங்களில் 7.5 விழுக்காடும் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கும் எல்லா உதவித்தொகைகளுக்கும் திறவுகோலாக இருப்பது வருவாய்க் கோட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழ்தான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் போன்ற சிறு தொகைகளே உண்டு. அதற்கு மேற்பட்ட செலவுகளுக்காக இருப்பது, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போர்க்கான உதவித்தொகைத் திட்டம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்காகத் தொடங்கிப் பின்னர் பழங்குடியினருக்கும் விரிவாக்கப்பட்ட இத்திட்டத்தில், பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், கல்லூரி கட்டாயமாக வாங்கும், திருப்பித் தராத கட்டணங்கள் அனைத்தையும் அரசே ஏற்கிறது. பழங்குடி மாணவர்க்கான செலவில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு மாநில அரசுடையது. சுயநிதிக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும் என்பதை 2012ஆம் ஆண்டின் 92ஆம் எண் அரசாணை தமிழ்நாட்டில் உறுதிப்படுத்தியது.

இங்கு இரண்டு நுணுக்கங்களைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. முதலாவது, சுயநிதிக் கல்லூரியின் இடங்கள் இருவகைப்படும். கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுவது அரசு ஒதுக்கீடு. கல்லூரியே நேரடியாக நிரப்புவது நிர்வாக ஒதுக்கீடு. கட்டண நிர்ணயக் குழு 2017இல் வகுத்தபடி, பொறியியல் படிப்பில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாயும், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவாயின் 55,000 ரூபாயும் உச்சவரம்பாக இருந்தன. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அது 85,000 ரூபாயாகவும் அதற்குச் சற்று மேலாகவும் இருந்தது. உதவித்தொகை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கிடையாது என்பதால், கலந்தாய்வுக்குக் காத்திராமல் முகவர் சொல் கேட்டு நேரடியாகச் சேரும் மாணவர் அதிகக் கட்டணம், உதவித்தொகை இழப்பு என இரண்டு இழப்புகளைச் சுமக்கிறார். இரண்டாவது, திருப்பித் தரப்படும் காப்புத் தொகை இத்திட்டத்துக்குள் வராது. ஆகவே கட்டணம் முழுவதும் இலவசம் என்று சொல்லப்பட்ட பிறகும் சேர்க்கை நாளன்று சில ஆயிரங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

இந்தச் சில ஆயிரங்களே மலைக்குப் பெருஞ்சுவர். கல்லூரிச் சேர்க்கை நடைபெறும் ஆனி, ஆடி மாதங்களில்தான் ஜவ்வாது மலையில் மழையை நம்பிச் சாமை விதைக்கப்படுகிறது; அறுவடைக்குப் பல மாதங்கள் இருக்கும்போது, இருக்கும் பணமும் விதைக்கும் உழவுக்கும் போய்விடும் அந்தப் பருவத்தில், பணம் புரட்ட வேண்டுமானால் வட்டிக்கு வாங்க வேண்டும், அல்லது வெளியூர் வேலைக்கு முன்பணம் வாங்க வேண்டும். முன்பணம் எங்கெல்லாம் கொண்டுபோய்விடும் என்பதை இம்மலை அறியும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளருள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். பிள்ளையின் படிப்புச் செலவுக்காகவே ஒருவர் அப்படிப் போனார் என்று இதனால் பொருளல்ல. ரொக்கம் இல்லாத வீட்டில் எந்தத் திடீர்த் தேவையும் இடைத்தரகரின் வாசலுக்கு இட்டுச் செல்லும் என்பதே பொருள்.

உரிய நேரத்தில் சிறு தொகை இல்லாததால் பெரிய வாய்ப்பு கைநழுவுவது மலைக்கு மட்டும் உரிய துயரமும் அன்று. 2024இல் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன்பாத் ஐஐடியில் கிடைத்த இடத்தை உறுதிசெய்யச் செலுத்த வேண்டிய 17,500 ரூபாயைக் கெடு முடிவதற்குள் கட்ட இயலாமல் இடத்தை இழந்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்த அவருக்கு ஐஐடியின் கற்பிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஆயினும் வாசலில் கேட்கப்பட்ட முன்தொகைதான் அவரைத் தடுத்தது. அந்த ஆண்டின் நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, இறுதியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30ஆம் நாள் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் வரை செல்ல எல்லோராலும் இயலாது.

உதவித்தொகை இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. இடையில் எவரும் கைவைக்க இயலாது என்பது இதன் பெருநன்மை. எனினும் ஆதாரோடு இணைக்கப்படாத கணக்கு, நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிப்போன கணக்கு, பள்ளிச் சான்றில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு பெயருமாக இருக்கும் எழுத்துப்பிழை ஆகிய சிறு காரணங்களால் பணம் திரும்பிவிடுகிறது. இவற்றைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து இறங்க வேண்டியிருப்பதால், ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகின்றன. ஆகவே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது தேர்வுக்குப் படிப்பதற்கு இணையான வேலை. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதவராயின் தொழிற்கல்விக் கட்டணத்தில் தள்ளுபடி தரும் முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு இல்லை என்பதால், 2.5 லட்ச வரம்பைச் சற்றே தாண்டிவிட்ட, பட்டம் பெறாத காவலர் போன்றோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது கைகொடுக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தோர்க்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்வோரின் கற்பிப்பு, விடுதிக் கட்டணங்களை 2021 முதல் மாநில அரசே செலுத்துகிறது.

மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று மாணவியர்க்கும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று மாணவர்க்கும் தொடங்கப்பட்டன. தொகை சிறிது, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை எப்போதோ வரும் பெருந்தொகையைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் சிறுதொகை ஏழைக் குடும்பத்துக்கு அதிகம் உதவும், ஏனெனில் அதை நம்பித் திட்டமிடலாம். மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரியும் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் இருப்பதால், வீட்டிலிருந்து சென்று படிக்கக்கூடியவர்க்கு விடுதிச் செலவு மிச்சம். விரும்பும் பாடம் அங்கே இல்லையெனில் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் போன்ற கீழ்நாட்டு ஊர்களின் அரசு விடுதிகளில் இடம் தேட வேண்டும். அந்த விண்ணப்பத்தையும் கல்லூரிச் சேர்க்கையோடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும்.

பாடநூல் செலவு இவ்வளவு கவனம் பெறுவதில்லை. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை விலையில்லாப் பாடநூல் பெற்றுவந்த மாணவர், கல்லூரியில் நுழைந்ததும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஐந்தாறு தாள்களுக்குத் தாமே நூல் தேட வேண்டியவராகிறார். வாங்க இயலாதபோது கைடு எனப்படும் வினாவிடைத் தொகுப்பையோ, மூத்த மாணவரின் குறிப்பேட்டு ஜெராக்ஸையோ நம்பித் தேர்வை மட்டும் கடந்துவிடுகிறார். பாடம் அவரைக் கடந்து போய்விடுகிறது. கட்டணச் சுமையால் படிப்பு நின்றால் அது கணக்கில் வரும். நூலின்மையால் படிப்பு மெலிந்து போவதோ எந்தக் கணக்கிலும் வராது என்பதால், இதைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போர்க்கான அந்த உதவித்தொகைத் திட்டத்துக்குள்ளேயே நூல் வங்கி என்றோர் ஏற்பாடு உள்ளது. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் இருவருக்கு ஒரு தொகுதி என நூல்களைக் கல்லூரி வாங்கி வைத்து, படிப்பு முடிந்ததும் திரும்பப் பெற்று அடுத்தவர்க்குத் தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இது இருப்பதை மாணவர் பலர் அறியார், கேட்காத இடத்தில் கல்லூரியும் முனைவதில்லை. கலை, அறிவியல் இளநிலை மாணவர்க்கு இது பொருந்தாது என்பது இதன் பெருங்குறை, ஏனெனில் மலைப்பிள்ளைகள் மிகுதியாகச் சேர்வது அப்படிப்புகளில்தான். ஒரு துறையின் மூன்றாமாண்டு மாணவர் தம் நூல்களைத் துறையிலேயே விட்டுச் செல்லும் வழக்கத்தைக் கல்லூரிகள் உருவாக்கிவிட்டால், அரசாணைக்குக் காத்திராமலே மூன்றாண்டுகளில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு நூல் வங்கி அமைந்துவிடும்.

ஜெராக்ஸ் எடுப்பது குற்றமோ என்ற தயக்கமும் பலர்க்கு உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின்மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கில், கற்பிக்கும் நோக்கத்துக்காகப் பாடத்திட்டத்துக்குத் தேவையான பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அளிக்கும் விலக்குக்குள் அடங்கும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. முழு நூலையும் படியெடுத்து விற்க இது உரிமம் ஆகாது. ஆனால் ஆசிரியர் ஒரு தாளுக்கு வேண்டிய இயல்களைத் தொகுத்து வகுப்புக்குத் தருவதற்கு இத்தீர்ப்பு துணை நிற்கிறது.

விலையின்றிக் கிடைக்கும் நூல்களும் இன்று ஏராளம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் நடத்திவரும் ஓப்பன்ஸ்டாக்ஸ் இயற்பியல், உயிரியல், பொருளியல், புள்ளியியல் பாடநூல்களை எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளத் தருகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் இ-ஞான்கோஷ் தளத்திலும், ஐஐடிப் பேராசிரியர்களின் விரிவுரைகள் என்பிடெல் தளத்திலும் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் படித்து வந்த மலை மாணவர்க்கு முதலாண்டில் உதவக்கூடியவை, தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் முன்னர்க் கல்லூரிப் பாடங்களுக்கென வெளியிட்ட தமிழ் நூல்களே. அவற்றுள் பல இப்போது மின்னூல்களாகக் கிடைக்கின்றன. சில செய்திகளில் அவை காலத்தால் பழையன என்றாலும், அடிப்படைக் கருத்துகளைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்டபின் ஆங்கில நூலுக்குச் செல்வது எளிது. தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத ஊர்களை எண்ணினால், இவற்றைப் பதிவிறக்கித் தரும் பொறுப்பைக் கல்லூரி நூலகமே ஏற்பது தக்கது.

கல்விக்கடன் கடைசி வழியாகவே இருக்க வேண்டும். 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பிணை கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்குவதில்லை. ஆனால் அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்டு, தரச்சான்று பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு படிப்போர்க்கு அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருப்பதை, கடன் வாங்கும் நாளிலேயே வங்கியில் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உதவித்தொகை முழுமையாகக் கிடைக்கும் மாணவர் கடன் வாங்குவதற்குத் தேவையே இல்லை.

வாய்ப்பு கிடைத்தால் இம்மலையின் பிள்ளைகள் எட்டும் உயரத்துக்குச் சான்று தேட வேண்டியதில்லை. ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றதற்காக 2024 பிப்ரவரியில் முதலமைச்சரின் பாராட்டைப் பெற்றார். அத்தகையோர் பெருக வேண்டுமாயின் அரசு செய்ய வேண்டியது புதிய திட்டம் அறிவிப்பதன்று. சேர்க்கைக்கு முன், சித்திரை, வைகாசி மாதங்களிலேயே வருவாய்த் துறையும் வங்கியும் பழங்குடியினர் நலத்துறையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் அமரும் முகாம்களை மலையூர்களான ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் நடத்திச் சான்றிதழையும் கணக்கையும் முடித்துத் தர வேண்டும். உதவித்தொகையில் ஒரு பகுதியைச் சேர்க்கை மாதத்திலேயே முன்பணமாக வழங்க வேண்டும். அதுவரை, மலைப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரின் சான்றிதழ்களையும் வங்கிக் கணக்கையும் பொதுத்தேர்வுக்கு முன்பே ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டுகிறோம்.