சூடேறாத சீற்

வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. காலையில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீடு, அங்கிருந்து பத்து நிமிட ஓட்டத்தில் இன்னொரு வீடு, பிறகு மார்க்கம் பக்கம். ஜனவரியில் வெளியே மைனஸ் 15 பாகை நிற்கும். கார் ஹீற்றர் ஒழுங்காகச் சூட்டை ஊதத் தொடங்கும்போது நான் இறங்கவேண்டிய வீடு வந்துவிடும். அதனால் பழைய கார் பார்க்கப் போனால், மற்றவர்கள் எஞ்சின் மூடியைத் திறக்க, நான் முதலில் சீற் ஹீற்றர் சுவிச்சைத்தான் அழுத்துவேன்.

என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டு ஹைபிரிட். இந்த வகைப் பழைய கார்களில் உள்ளே வரும் சூடு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்திலிருந்து வருகிறது. எஞ்சின் ஓடினால்தான் அது சுடும். ஹைபிரிட்டோ சிக்னலில் நின்றதும் எஞ்சினை நிறுத்திப் பெற்றோலை மிச்சம் பிடிக்கப் பார்க்கும். நாங்கள் ஹீற்றரைக் கூட்டிவிட்டால், பாவம், சூட்டுக்காகவே எஞ்சினை ஓட்டிக்கொண்டு நிற்கும். சீற் ஹீற்றருக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஒரு சீற்றுக்கு 50 வாற் அளவில் மின்சாரம் போதும். காரிலுள்ள காற்றை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குகிறது. அமெரிக்காவின் கடிலக் 1966ஆம் ஆண்டு மொடலில் இதைக் கொடுத்தபோது அது பணக்காரச் சொகுசு. 1970களின் தொடக்கத்தில் சுவீடனின் சாப் நிறுவனம் சாரதி சீற்றுக்கு இதைப் பூட்டியது. குளிரில் வேலைக்குப் போகிறவர்களை நினைத்த கை அது என்பது என் எண்ணம்.

போன மாரியில் என் சீற் குளிர்ந்தே கிடந்தது. சுவிச்சில் விளக்கு எரிகிறது, சூடு இல்லை. ஒரு கராச்சில் காட்டினேன். ஹைபிரிட் என்றதுமே முகம் மாறி, கொம்பியூட்டரில் போட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள். முழுச் சீற்றையும் மாற்றுகிற கணக்கில் விலையும் சொன்னார்கள். நான் நேரே பக்கத்து வீட்டு அண்ணையிடம் போனேன். தொழிற்சாலை ஒன்றில் மின்சாரத் திருத்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணை, ஹைபிரிட்டில கை வைக்கலாமோ? கரண்ட் அடிக்காதோ?"

"செம்மஞ்சள் வயர் இருக்கிற பக்கம் போகாதை பிள்ளை. சீற்றுக்கு வாறது பன்னிரண்டு வோல்ற்தான்."

விசயம் இவ்வளவுதான். ஹைபிரிட்டில் இரண்டு பற்றரி. பெரியது காரை ஓட்டுவது. பல கார்களில் 200 வோல்ற்றுக்கு மேல். அதன் கேபிள்கள் செம்மஞ்சள் நிறம். பழகாதவர்கள் தொடவே கூடாது. சின்னது மற்றக் கார்களில் உள்ளதுபோல 12 வோல்ற். விளக்கு, ரேடியோ, சீற் ஹீற்றர் எல்லாம் இதில்தான். ஆகவே சீற் சுடாததற்கும் கார் ஹைபிரிட் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அண்ணை முதலில் என்னைப் பக்கத்துச் சீற்றில் இருத்தினார். அது சுட்டது. இரண்டுமே சுடாவிட்டால் இரண்டுக்கும் பொதுவான பியூஸையோ ரிலேயையோ சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் என்றால் அந்தச் சீற்றுக்குரிய பியூஸ், சுவிச், அல்லது அடியில் ஓடும் வயர். பியூஸ் நன்றாக இருந்தது. பிறகு சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, ரோர்ச் அடித்துக் கீழே பார்த்தார். இந்த நாட்டில் பனி உருக வீதியில் உப்புக் கொட்டுவார்கள். அது சப்பாத்தில் ஒட்டி வந்து, உருகி, சீற்றுக்கடியிலுள்ள இணைப்பிகளில் பச்சை பூக்கும். என்னுடையதில் கொஞ்சம் பூத்திருந்தது, ஆனால் வியாதி அது இல்லை. ஹீற்றருக்குப் போகும் இணைப்பியில் மல்ரிமீற்றரை வைத்தபோது மின்சாரம் சரியாக வந்து நின்றது.

கழற்ற முன்னர் அண்ணை செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆகவேண்டும். 12 வோல்ற் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம் என்றார். சீற்றுக்கடியில் மஞ்சள் இணைப்பி ஒன்று இருக்கும். அது பக்கவாட்டு எயார்பாக்குக்குப் போவது. பற்றரியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அதை வெடிக்க வைக்கும் சக்தி மிச்சமிருக்கும். அந்த வயரில் மீற்றரை வைப்பதும் ஆபத்து. அந்த மஞ்சள் இணைப்பியைக் கழற்றி வைத்தபடி காரை ஸ்ராட் செய்தால் எயார்பாக் எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு அதை அணைக்க அலையவேண்டும்.

இனி ஹீற்றர் விரிப்பை அளப்பது. பக்கத்துச் சீற்றின் விரிப்புகளை அளந்தால், மொத்தமாக 3 ஓம் அளவில் காட்டியது. 12 வோல்ற்றை 3ஆல் பிரித்தால் 4 அம்பியர். அதை 12ஆல் பெருக்கினால் 48 வாற். கணக்குச் சரி. என் சீற்றில் மீற்றர் எண்ணே காட்டவில்லை. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. இருக்கைக்கு ஒரு விரிப்பு, முதுகுக்கு ஒன்று. என் காரில் இரண்டும் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தால் மற்றதுக்கும் மின்சாரம் போகாது. தனித்தனியே அளந்ததில் முதுகு தப்பியது.

உறையைச் சின்னக் கம்பி வளையங்கள் இழுத்துப் பிடித்திருந்தன. அவற்றைக் குறட்டால் வெட்டி உறையை உரித்தோம். ஸ்பொஞ்சில் ஒட்டிய மெல்லிய துணி. அதில் நெளிந்து நெளிந்து ஓடும் தலைமயிர்க் கம்பி. கதவுப் பக்க விளிம்பில், ஏறி இறங்கும்போது தொடை அரைக்கும் இடத்தில், துணியில் ஐந்து சதக் காசளவு பழுப்புக் கறை. நகத்தால் தட்ட, கருகிய துணி உதிர்ந்து கம்பியின் இரண்டு முனைகளும் தெரிந்தன.

"முறுக்கி ஒட்டேலாதோ அண்ணை?"

"ஒட்டலாம். ஒட்டின இடம் இறுக்கமில்லாட்டில் அதிலயே தனியச் சூடு ஏறும். குந்துற இடமல்லோ!"

இருக்கை விரிப்பை மட்டும் புதிதாக எடுத்துப் போட்டோம், அதே காருக்குரியதாக. மலிவான பொதுவான விரிப்பின் ஓம் அளவு வேறாக இருந்தால், தொடரிலுள்ள மற்ற விரிப்பின் சூடும் மாறிப்போகும். சூடு மிஞ்சாமல் பார்க்கும் சின்னக் கட்டுப்பாட்டுக் கருவியும் விரிப்புக்குள்ளேயே இருக்கிறது.

சூடு மிஞ்சுவது பகிடி இல்லை. பக்கவாதத்திலோ நீரிழிவிலோ உணர்ச்சி இழந்த உடம்புக்குச் சுடுவது தெரியாது. சீற் ஹீற்றரால் தோல் வெந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. அம்மாவுக்கு நீரிழிவு, கால் மரத்துப்போய்க் கனகாலம். அவ ஏறினால் பக்கத்துச் சீற்றை மிகக் குறைவில் வைத்து, சிக்னல் ஒன்று தாண்ட நிறுத்திவிடுவேன். "காசு குடுத்துத் திருத்தினது உனக்கு மட்டுமோ?" என்று வீடு வரும்வரை புறுபுறுப்பா.