கொடிவழி தேடும் தொழில்

தன் பாட்டனாரின் பெயர் அறியாதவர் நம்மிடையே அரிது. பாட்டனாரின் பாட்டனார் பெயரை அறிந்தவர் அதனினும் அரிது. சிறு வயதில் திருமண வீடுகளில் முதியவர்களிடம் உறவுமுறை கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த பழக்கமே, பின்னாளில் எனக்குத் தொழிலாயிற்று. கொடிவழி ஆய்வுதான் என் தொழில் என்றால், 'இதற்கெல்லாமா பணம் கொடுக்கிறார்கள்?' என்றே பலரும் கேட்கிறார்கள். கொடுக்கிறார்கள். எதற்காக என்பதுதான் விளக்கத்துக்கு உரியது.

மேலை நாடுகளில் இது முறைப்பட்ட தொழில். அமெரிக்காவில் கொடிவழி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் 1964-இலும், பிரிட்டனில் அத்தொழிலினரின் சங்கம் 1968-இலும் தோன்றின. நம் நாட்டில் இத்துறையை நாடுவோரில் பலர் கடல் கடந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். மொரீஷியஸுக்கோ 1834 முதலே ஆள் அனுப்பப்பட்டது. அவர்களுடைய பேரர்களின் பேரர்கள்தாம் இன்று, 'எங்கள் ஊர் எது?' என்று கேட்டு எழுதுகிறார்கள். சிலருக்கு அது மனத்தின் தேவை. சிலருக்குச் சட்டத்தின் தேவை. மொரீஷியஸில் வாழும் ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினருக்கும் ஓ.சி.ஐ. அட்டை வழங்கப்படும் என்று 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபின், ஆவணச் சான்றின் மதிப்பு கூடியிருக்கிறது.

வியப்பு என்னவெனில், ஊரிலேயே தங்கிவிட்ட ஏழையைவிடக் கப்பலேறிய ஏழையைப் பற்றியே மிகுதியான எழுத்துச் சான்று கிடைக்கிறது. நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதனெதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு வரை குறிக்கப்பட்டுள்ளன. மொரீஷியஸின் ஆவணங்கள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் புகைப்படங்களும் உண்டு. மனிதரைக் கணக்குப் பொருளாகக் கருதிய நிர்வாகம் தன் வசதிக்காக எழுதிவைத்தது, இன்று பேரர்களுக்கு உதவுகிறது.

ஆயினும் பட்டியல் கிடைத்ததும் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. தமிழ் அறியாத எழுத்தர் காதால் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். புதூர், புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனை ஊர்கள்! எல்லைகளும் மாறிவிட்டன. பட்டியலில் 'வட ஆர்க்காடு' என்றிருந்தால், அந்த ஊர் இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுள் ஒன்றில் இருக்கலாம். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து ஆந்திரத்திலும் இருக்கலாம். எனவே அக்காலத் தாலுகா எல்லைகளை அறியாமல் ஓர் அடியும் வைக்க இயலாது.

நம் வழக்கங்களே சில நேரம் கைகொடுக்கும். சில நேரம் குழப்பும். பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், அதாவது பேரன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்புவது நல்ல தடயம். ஆனால், ஓர் ஆவணத்தில் வரும் ராமசாமி பாட்டனா, பேரனா என்று பிரித்தறிவது கடினம். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் முறையால், ஒரே முன்னோர் கொடிவழியில் இரண்டு மூன்று இடங்களில் தோன்றுவார். மரபணுச் சோதனையிலும் இச்சிக்கல் உண்டு. தொலைவான உறவினரையும் நெருங்கிய உறவினர்போல் அது காட்டக்கூடும். ஆவணத் துணையின்றி அதை மட்டும் நம்பலாகாது.

ஆர்வம் தொழிலாகும்போது மாறுவது எது? பணம் கைமாறுவது மட்டுமன்று, பொறுப்பும் மாறுகிறது. பணம் பெற்றுக்கொண்டு வம்சப் பெருமை எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் குலத்தைச் சூரியனிலிருந்தே தொடங்குகின்றன. அரசருக்குப் புலவர் செய்ததை, இன்று பணம் படைத்தவருக்கு ஆய்வாளர் செய்துவிடக் கூடாது. ஆகவே, தேடும் நேரத்துக்கே கட்டணம் பெறுகிறேன்; கண்டுபிடிப்புக்கு அன்று. கண்டுபிடித்தால்தான் கூலி என்றால், கண்டுபிடித்தே தீரவேண்டும் என்னும் நெருக்கடி வரும். பொருந்தாத முனுசாமியும் பொருத்தப்படுவார். 'இதற்குமேல் சான்றில்லை' என்று எழுதிக் கொடுக்கும் உரிமை ஆய்வாளருக்கு இருந்தால்தான், 'இதுவே உங்கள் ஊர்' என்று அவர் எழுதும்போது அதற்கு மதிப்பிருக்கும்.

பட்டியலின் சாதிக் கட்டம் இந்த நேர்மையை மிகவும் சோதிக்கிறது. குடும்பத்தில் வழங்கிவந்த பெருமைக் கதைக்கும் அக்கட்டத்துக்கும் முரண்பாடு எழுவதுண்டு. அதை மறைத்துத் தரும்படி கேட்பவர்களும் உண்டு, நான் இசைவதில்லை. அது எழுத்தர் எழுதிய பதிவு என்பதையும், தவறாகவும் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஊரில் வாழும் உறவினரின் விவரத்தை அவர் சம்மதமின்றி எவருக்கும் தருவதில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் முன்னோரைத் தேடி வருகிறார் என்றதும், நிலத்தில் பங்கு கேட்பாரோ என்ற அச்சம் சில வீடுகளில் எழுவது இயல்பு.

பழைய நிலப் பதிவேடுகள், பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், தேவாலயங்களின் ஞானஸ்நான ஏடுகள் ஆகியன செல்லரிக்குமுன் மின்னுருவாக்கப்பட வேண்டும். பெயர் அகரவரிசையும் தேவை. படம் மட்டும் எடுத்து அடுக்கிவைத்தால், பயில விரும்பும் இளைஞருக்கும் தேடிவரும் பேரருக்கும் பயனில்லை. வேரைத் தேடுவோர் கேட்பது பெருமையை அன்று. ஒரு பெயரையும் ஓர் ஊரையும். அவ்விரண்டையும் பொய்யின்றித் தருவதே இத்தொழிலின் கடமை.